கண்மிதவை: ‘பூச்சி பறக்குது’ என்பதற்கு இரண்டு பொருள்

காய் பிடித்திருக்கிறதா என்று மாமரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வெளிச்சமான வானத்தில் ஒரு நூல், இரண்டு புள்ளி, முடிச்சுருள் போல ஏதோ ஒன்று தெரியும். கண்ணைத் திருப்பினால் கூடவே ஓடும். பார்வை நின்ற பிறகும் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இதை ‘கண்ணுல பூச்சி பறக்குது’ என்பார்கள். மருத்துவர் சீட்டில் எழுதுவது ‘ஃப்ளோட்டர்ஸ்’.

சிக்கல் என்னவென்றால், பட்டினியோடு வெயிலில் வேலை செய்து சட்டென்று எழும்போது வரும் கிறுகிறுப்புக்கும் இதே பேச்சுதான். அது இரண்டு கண்ணிலும் வரும், உட்கார்ந்தால் அடங்கும். இது கண்ணுக்குள்ளேயே இருப்பது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் எந்தக் கண் என்று தெரிந்துவிடும். வெறுமனே ‘பூச்சி பறக்குது’ என்றால் பிரஷர் பார்த்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

பழைய லத்தீன் மருத்துவப் பெயர் ‘மஸ்கே வோலிடான்டெஸ்’, அதாவது பறக்கும் ஈக்கள். அவர்களுக்கு ஈ, நமக்குப் பூச்சி! ஆங்கிலம்தான் மிதப்பதிலிருந்து பெயர் எடுத்தது. அதன் வழியே தமிழில் மிதவை, கண்மிதவை. எழுத்துக்குக் கண்மிதவை நல்ல சொல். ஆனால் வலையில் கட்டும் மிதவைபோல நீர்மேல் கிடப்பதல்ல இது. விழிக்குள் நுங்குச் சுளை போன்ற தெளிந்த கூழ் சுமார் 4 மில்லி இருக்கிறது. 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் கொலாஜன் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள். வயதானால் கூழ் இளகி, இழைகள் திரளும். நாம் காண்பது அந்தத் திரளை அல்ல, கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் விழித்திரையில் விழும் அதன் நிழலை. அதனால்தான் விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விட்டுப் பயனில்லை. வெளியே ஊற்றுவது அங்கே போகாது, கிருமித்தொற்றுதான் மிச்சம்.

பல வருடமாக அதே இரண்டு மூன்று புள்ளி என்றால் பயமில்லை. 50 வயதுக்கு மேல் பலருக்குக் கூழ் விழித்திரையை விட்டுக் கழன்று வரும். கிட்டப்பார்வை, கண்புரை அறுவை, கண்ணில் அடி இருந்தால் முன்னதாகவே. கழலும்போது திரையைப் பிடித்து இழுத்தால் மின்னல் வெட்டும், கிழித்தால் மிளகு தூவியதுபோல் புள்ளிகள் கொட்டும். கிழிசல் வழியே நீர் புகுந்து திரை உரிந்தால் ஓரத்திலிருந்து நிழல் மூடிக்கொண்டு வரும். வலி இருக்காது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று கரும்புகை பரவினால் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம்.

இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். அடுத்த கண் முகாம் வரை காத்திருப்பதும், கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் இதற்கு உதவாது. ‘இந்தக் கண், நேற்று சாயங்காலத்திலிருந்து, மின்னலும் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு விட்டால் 4 முதல் 6 மணி நேரம் கூசும். பைக்கில் போகாமல் துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போங்கள். கிழிசல் மட்டும் என்றால் பெரும்பாலும் லேசரிலேயே அடைத்து அன்றே அனுப்பிவிடுவார்கள். திரை உரிந்திருந்தால் அறுவைதான். அதற்குச் சேலமோ பெங்களூரோ போகச் சொன்னால் அன்றே கிளம்புங்கள். நடுப்பார்வைப் பகுதி உரிவதற்குள் செய்தால்தான் பார்வை நன்றாகத் தேறும்.

முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்றாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும், கிழிசல் பிந்தியும் விழும். இடையில் புள்ளிகள் கூடினால் அந்தத் தேதிவரை பொறுக்க வேண்டாம்.