கும்பகோணத்திலிருந்து பார்சல் எத்தனை நாளில் போகும்? டெலிவரி தேதியைக் கணக்கிடும் முறை

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரவில் கிளம்பும் லாரி விடிவதற்குள் போய்விடும். ஆனாலும் பார்சல் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது. பார்சல் ஓடுகிற நேரத்தைவிடக் காத்துக் கிடக்கிற நேரம்தான் அதிகம்: கடை அலமாரியில், பிக்கப் வண்டிக்காக, ஹப்பில் ஊர்வாரியாகப் பிரிக்கப்படுவதற்காக, கடைசியில் வீட்டில் ஆள் இருப்பதற்காக. தூரத்தை மட்டும் பார்த்து நாள் சொல்கிற கடைகள் தவறுவது இதனால்தான்.

பிக்கப் வண்டி பொதுவாக நாளுக்கு ஒரு முறைதான் வரும். மதியம் 2 மணி வரை வந்த ஆர்டரைத்தான் அன்றைய வண்டிக்குப் பேக் செய்து தர முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.10-க்கு வந்த ஆர்டர் இழப்பது பத்து நிமிடத்தை அல்ல, ஒரு முழு நாளை. அந்த நாள் சனிக்கிழமையாக இருந்து, ஞாயிறு பிக்கப்பும் இல்லாவிட்டால், பார்சல் திங்கள் மாலைதான் கடையை விட்டு நகரும். கூரியர்காரர் சொல்லும் ‘மூன்று நாள்’ அவர் முதல் ஸ்கேன் செய்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. வாடிக்கையாளரோ பணம் கட்டிய நிமிடத்திலிருந்து எண்ணுகிறார். எனவே கணக்கைப் பணம் வந்த நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊர்களைப் பிரிக்கப் பின்கோடு போதும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆறு இலக்க எண்ணில், முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு வட்டாரத்தைக் காட்டுகின்றன. தஞ்சாவூருக்கு 613, கும்பகோணத்துக்கு 612, நாகப்பட்டினத்துக்கு 611, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் 614, கோவைக்கு 641. ‘தமிழ்நாடு முழுக்க இரண்டு நாள்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, இந்த மூன்று இலக்கவாரியாக உங்கள் பழைய ஆர்டர்களைப் பிரியுங்கள். ஒரு வட்டாரத்துக்கு இருபது ஆர்டர்கூட இல்லையென்றால், அதே மாதிரி நாள் பிடிக்கும் பக்கத்து வட்டாரங்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனி எந்த எண்ணைச் சொல்வது? எடுத்துக்காட்டாக, 641-க்கு அனுப்பிய 20 பார்சல்களில் மூன்று 2 நாளிலும், எட்டு 3 நாளிலும், ஐந்து 4 நாளிலும், இரண்டு 5 நாளிலும் சேர்ந்தன. மீதி இரண்டில் ஒன்றுக்கு 7 நாள், இன்னொன்றுக்கு 11 நாள். நடுவில் நிற்கும் எண் 3. அதை வாக்குறுதியாகக் கொடுத்தால் ஒன்பது பேருக்குப் பொய் சொல்லியிருப்பீர்கள். சராசரி 3.9. அதை 4 என்று எடுத்தாலும் நால்வருக்குத் தாமதம். வரிசையில் 18-ஆவது எண்ணான 5-தான் பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்தும் எண். சொல்ல வேண்டியது அதுவே. பார்சல் சீக்கிரம் போவதற்கு ஓர் எல்லை உண்டு. தாமதத்துக்கு எல்லையே இல்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாள், ஹப் மாறிப் போனால் இரண்டு மூன்று நாள் என்று படிப்படியாக ஏறும். அதனால் அந்த 11 நாள் பார்சலை ‘விதிவிலக்கு’ என்று பட்டியலிலிருந்து தூக்கிவிடாதீர்கள்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. இந்த மாதம் டெலிவரி ஆனவற்றை மட்டும் எண்ணினால், இன்னும் வழியில் கிடக்கும் பார்சல்களும் திரும்பி வந்தவையும் கணக்கில் வராது. வேகம் கூடியதாகத் தோன்றும். ஆர்டர் வந்த வாரத்தை வைத்துப் பிரித்து, அந்த வாரத்தின் எல்லாப் பார்சலும் முடிவுக்கு வந்த பிறகு எண்ணுங்கள். நேர்மாறான தவறும் உண்டு: பேக்கிங், பயணம், டெலிவரி ஒவ்வொன்றுக்கும் மோசமான நாளை எடுத்துக் கூட்டுவது. மூன்றும் ஒரே பார்சலுக்குக் கெடுவது அபூர்வம். அப்படிக் கூட்டினால் ஐந்து நாள் வேலை ஒன்பது நாளாகத் தெரியும். வாங்க வந்தவர் போய்விடுவார்.

பொருளும் நாள் கணக்கை மாற்றும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைப் பல கூரியர்கள் எடையாகக் கொள்கின்றன. உண்மை எடையோடு ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம். 5 கிலோ விளக்கை நிறுத்திய வாக்கில் 30×30×60 பெட்டியில் வைத்தால் 10.8 கிலோ. அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே நிற்கும் அன்னம் என்று திருகிக் கழற்றி 30×30×20 பெட்டியில் அடுக்கினால் 3.6 கிலோதான் வரும்; கட்டணம் 5 கிலோவுக்கு மட்டும். பாதிக்கும் குறைவான எடைக்கு விமானக் கட்டணம் கட்டுப்படியாகலாம். இல்லாவிட்டால் டெல்லி போன்ற தூர ஊருக்குத் தரைவழிதான்; நாளும் கூடும். திருபுவனம் பட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே விளக்குக்கும் புடவைக்கும் ஒரே தேதியைக் காட்டக் கூடாது.

டெல்டா கிராமங்களுக்கு அனுப்பும்போது கடைசி பத்து கிலோமீட்டர்தான் சோதனை. ‘பெருமாள் கோவில் அருகில்’ என்ற முகவரி பல ஊருக்குப் பொருந்தும். 613-க்குப் பதில் 612 என்று போட்டுவிட்டால் பார்சல் வேறு வட்டாரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பின்கோடை அடித்ததும் ஊர்ப் பெயரைக் காட்டி உறுதி செய்யச் சொல்வதும், இரண்டாவது செல்போன் எண்ணைக் கேட்டு வாங்குவதும் எந்த வேகமான கூரியரையும்விடப் பலன் தரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து சாலைகள் அடைபட்டன. அதற்காக ஆண்டு முழுக்க இரண்டு நாள் கூட்டி வைப்பது சரியல்ல. புயல் எச்சரிக்கை வந்ததும் 611, 614 வட்டாரங்களின் தேதியை மட்டும் தள்ளி வையுங்கள். கடையே டெல்டாவில் இருந்தால் பிக்கப்பும் நிற்கும். அப்போது எல்லா ஊருக்கும் தேதி மாற வேண்டும்.

கடையின் இணையப் பக்கத்தில் ‘3–5 வேலை நாட்கள்’ என்று எழுதாதீர்கள். படிப்பவர் கண்ணில் 3 மட்டும்தான் நிற்கும். ‘14-ஆம் தேதி வியாழனுக்குள்’ என்று, பணம் கட்டும் முன்பே காட்டுங்கள். கடந்த 90 நாள் ஆர்டர்களை வைத்து மாதம் ஒரு முறை எண்களைத் திருத்துங்கள். ஒரு பார்சல் 24 மணி நேரம் ஸ்கேன் ஆகாமல் கிடந்தால், வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்களே வாட்ஸ்அப்பில் புதிய தேதியை அனுப்புங்கள். அதோடு, வேண்டாமென்றால் ரத்து செய்யும் வழியையும் சேர்த்து.