வசனத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள்

இப்படிச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். "பாஸ்டர், கர்த்தர் எனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் நிறைவேறலை. ஜெபிக்கவே மனசு வரலை." எந்த வசனம் என்று நான் கேட்கவேண்டியதே இல்லை. எரேமியா 29:11. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வருஷத் தொடக்கத்தில் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தமாகக் கைக்கு வந்த வசனம். இந்த வருஷமே வேலை கிடைத்துவிடும் என்று அதையே நம்பி இருந்திருக்கிறார்.

"அதுக்கு முந்தின வசனத்தைப் படிச்சீங்களா தம்பி?"

படிக்கவில்லை. மூன்று பேருமே படிக்கவில்லை.

பத்தாம் வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்ட முதியவர்கள் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்க வழியில்லை. அவர்களிடம்தான் 'வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள்' என்று சொல்லப்பட்டது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயராலேயே சொன்னான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். அது பொய். நாம் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் கெடுவை அதோடு ஒட்டிவைக்கிறோம். கெடு தாண்டியதும் கர்த்தர் கைவிட்டார் என்கிறோம். அவர் சொல்லாத வாக்குக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமா?

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்பதைப் பரீட்சைக்கும் போட்டிக்கும் சொல்லிக்கொள்கிறோம். முந்தின வசனத்தில் அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பேசுவது பட்டினியைப் பற்றி. எழுதியது விலங்கோடு இருந்தபோது.

தயவுசெய்து தினம் ஒரு அதிகாரமாவது முழுதாக வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான், அங்கே தொடங்கலாம். ஜெபத்துக்கு ஒரு நேரம் வையுங்கள், பத்து நிமிஷம் போதும். கண்ணீர் வந்ததா என்று பார்க்காதீர்கள். சபைக்கு வருவதை நிறுத்தாதீர்கள், சோர்ந்திருக்கும்போது கட்டாயம் வாருங்கள். மருந்து சாப்பிடுகிறவரிடம் 'விசுவாசம் போதாது' என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் நீங்கள் கேட்கவும் கூடாது.

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தட்டியெழுப்பி, இரண்டு முறை சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான்.

ஜெபிக்க வார்த்தையே வராத நாளில் சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். முடியும்போதுகூட அதில் ஆறுதல் வருவதில்லை. அதையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது. அந்தத் தம்பி இப்போது அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை.