மூக்கு ஒழுகும் பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பலாமா?

பிள்ளையைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்த முதல் ஆண்டில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “டாக்டர், இவனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா? ஒரு சளி போறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.”

அநேகமாக இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சகஜம். காப்பகம் போனால் 10, 12 முறைகூட ஆகும். சளி உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். இருமல் ஓய இரண்டு மூன்று வாரம் ஆவதால், அடுத்தடுத்த சளிகள் ஒட்டிக்கொண்டு தீராத ஒரே நோய்போலத் தெரியும். சளி பச்சையாக மாறியதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

“எந்தப் பிள்ளை கொண்டுவந்தது?” என்ற விசாரணையும் வீண். ஆர்எஸ்வி (சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஒரு வைரஸ்), இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) போன்றவை அறிகுறி தெரியும் முன்பே பரவத் தொடங்கிவிடும். இன்று மூக்கு ஒழுகும் பிள்ளை நேற்றே எல்லோரோடும் விளையாடியாயிற்று. அதனால் லேசான சளியோடு ஓடியாடும் பிள்ளையை வாசலில் நிறுத்துவதால் பெரிய பலனில்லை என்பேன். காய்ச்சல் இருந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ வீட்டில் வையுங்கள்.

நான் காப்பகங்களில் முதலில் பார்ப்பது பெரியவர்களின் கையைத்தான். ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்த அதே கை, கழுவாமல் அடுத்த பிள்ளைக்கு ஊட்டும். ஆர்எஸ்வி மேசை, பொம்மை மேல் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு மூக்குக்கும் புது டிஷ்யூ, துடைத்ததும் சோப்பு போட்டு 20 விநாடி கழுவல். சளி உண்டாக்கும் இன்னொரு வைரஸான அடினோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. வாயில் வைத்த பொம்மையைத் தனிக் கூடையில் போட்டு, கழுவிய பிறகே அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள் (குளிர்ந்த காற்று சளியை உண்டாக்காது).

பயப்பட வேண்டியது மூச்சைப் பார்த்து. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40: அதைத் தொட்டாலே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் அப்படித்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மூத்த பிள்ளைக்கு வெறும் சளியாகப் போகும் ஆர்எஸ்வி, ஆறு மாதத்துக்குட்பட்ட தம்பி தங்கைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம். காப்பகத்திலிருந்து வந்ததும் மூத்ததுக்குக் கை, முகம் கழுவி, உடை மாற்றிய பிறகே கொஞ்சவிடுங்கள். ஃப்ளூ தடுப்பூசியை 6 மாதத்திலிருந்தே ஆண்டுதோறும் போடலாம். அதற்கும் சிறிய குழந்தைக்கு, சுற்றியிருக்கும் நாம் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.