சற்றிஸ்பைசிங்: 'காணும்' என்று நிறுத்துகிற தெரிவு

முகாமைத்துவமும் பொது நிர்வாகமும் படிக்கிறவர்களுக்கு சற்றிஸ்பைசிங் (satisficing) என்ற சொல் கட்டாயம் எதிர்ப்படும். மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே போகாமல், 'காணும்', அதாவது போதும், என்று படுகிற ஒன்று கிடைத்ததும் அதை எடுத்துத் தேடலை நிறுத்துவதுதான் அது. 'திருப்திப்படுத்தல்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் பாதிப் பொருள் அதில் விடுபட்டுப் போகிறது.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹேர்பேர்ட் சைமன் (1916–2001). அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். அந்த நகரத்து விளையாட்டிடங்களுக்குப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று மாணவராக இருந்தபோதே ஆராயப் போனார். பொருளியல் பாடம் சொன்னபடி அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அப்படியென்றால் மனிதர் உண்மையில் எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் பிறகு விடவேயில்லை. நிர்வாகத்தில் முடிவெடுத்தல் பற்றிய அவரது நூல் 1947இல் வந்தது, 1978இல் பொருளியல் நோபல் கிடைத்தது. நடுவில் கணினி ஆய்வாளர் அலன் நியூவெல்லோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்கும் அடித்தளம் போட்டார். அது தனிக் கதை.

'சற்றிஸ்' என்றால் இலத்தீனில் 'போதும்'. அதிலிருந்து கிளைத்து வட இங்கிலாந்து வட்டாரத்தில் வழங்கிய ஒரு பழஞ்சொல்லை எடுத்து, 1956இல் ஒரு கட்டுரையில் புதுப்பொருள் கொடுத்தார் சைமன்.

பொருள் என்னவென்று இலங்கையின் அம்பாறைப் பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) வைத்துப் பார்ப்போம். பெரும்போக அறுவடை. மெசினிலிருந்து இறங்கிய ஈர நெல் குவிந்து கிடக்கிறது. காயப்போட இடமில்லை, மழை இருட்டுகிறது, நகை அடைவில் இருக்கிறது. கிலோவுக்கு 120 ரூபாய் வந்தால் கொடுக்கலாம் என்று விவசாயி மனதில் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். முதல் வியாபாரி 110 என்கிறார். "காணாது." அடுத்தவர் 121 என்கிறார். "சரி, காணும், ஏத்துங்க." கல்முனையில் 125க்கு வாங்க ஆள் இருக்கலாம். அதைத் தேடித் திரிய நேரமும் இல்லை, நெல்லும் தாங்காது. வியாபாரிகளே வராவிட்டால் 120 என்ற கோடு 112க்கு இறங்கும். சைமன் 1955இல் எழுதியதில் வீடு விற்பவர் இதையேதான் செய்கிறார்: ஏற்கும் விலை ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த விலையை எட்டிக் கேட்பவர் வந்ததும் விற்றுவிடுகிறார்.

'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பதோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. அது ஆசையை அடக்கச் சொல்கிறது. சைமன் பேசுவது அறிவுக்கும் தகவலுக்கும் நேரத்துக்கும் உள்ள எல்லையைப் பற்றி. பேராசைக்காரனும் இப்படித்தான் தெரிவுசெய்வான். அவனுடைய கோடு மட்டும் உயரத்தில் இருக்கும்.

ஆகவே தமிழில் கோடும் வரவேண்டும், தேடலை நிறுத்துவதும் வரவேண்டும். 'போதுமைத் தெரிவு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சோறு போட வரும் மகளிடம் "காணும் புள்ள" என்று கையால் மறிக்கிற மட்டக்களப்பில் 'காணுமெனத் தெரிதல்' இன்னும் நெருக்கமான சொல்தான், ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு 'காணும்' வேறு பொருள் தந்துவிடும். இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும், மிகச் சிறந்ததையே தேடிப் பிடிக்கிற ஒப்டிமைசிங்கை (optimizing) 'உத்தமத் தெரிவு' என்று எழுதினால் இரண்டும் சோடியாக நிற்கும்.