டேப் காட்டாவிட்டால் ஃபைல் இல்லை என்று அர்த்தமில்லை

"பேக்கப் ஃபைலைக் காணோம் சார்" என்று மறுபடியும் ஒரு அழைப்பு. இந்த முறை அழைத்தவர் பதற்றத்தில் மொத்த பேக்கப்பையும் வேறொரு சர்வரிலிருந்து திரும்ப இறக்கத் தொடங்கியிருந்தார். டைரக்டரியில் (ஃபோல்டரில்) இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஃபைல் அங்கேயே பத்திரமாக இருந்தது. சுருக்கிக் கட்டிய சிப் ஃபைல்தான், ஆனால் பெயரின் கடைசியில் யாரோ 'ஓல்ட்' என்று ஒரு வாலை ஒட்டியிருந்தார்கள். சிப்பை விரிக்கும் அன்சிப் கட்டளையை எழுதி, ஃபைல் பெயரைத் தானாக நிரப்பும் டேப் விசையைத் தட்டியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. உடனே ஃபைல் போய்விட்டதாக முடிவுகட்டிவிட்டார்.

எத்தனை பேரிடம் சொல்வது? டேப் என்பது எல்எஸ் அல்ல. டைரக்டரியில் இருப்பதையெல்லாம் உங்களுக்குக் காட்டுவது அதன் வேலையே இல்லை. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல்களில் ஒன்று பாஷ். 2000-இல் வந்த பாஷ் 2.04 முதல், ஒவ்வொரு கட்டளைக்கும் தனி நிரப்பு விதி எழுத முடியும். இன்றைய லினக்ஸ்களில் அப்படிப்பட்ட விதிகள் ஒரு மூட்டையாகவே வந்துவிடுகின்றன. அன்சிப்புக்குப் பின்னால் தட்டினால், சிப் வகை என்று விதி நம்பும் பெயர்கள் மட்டும் வரும். டைரக்டரி மாறப் பயன்படும் சிடி-க்குப் பின்னால் டைரக்டரிகள் மட்டும். வரியின் தொடக்கத்தில் புள்ளியும் சாய்வுக்கோடும் போட்டுத் தட்டினால், இயக்க அனுமதி உள்ள ஃபைல்களும் டைரக்டரிகளும்தான். நேற்று எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே தலைகாட்டவில்லையா? சிஎச்மாட் கட்டளையால் அந்த அனுமதியைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது கேப்பிட்டல் எழுத்துத் தகராறு. பாஷில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அமைப்பை மாற்றி வைத்தால்தான் ஒன்றாகும்.

ஆக, டேப் மௌனமாக இருந்தால் 'என் விதிக்குள் எதுவும் பொருந்தவில்லை' என்று மட்டுமே பொருள். அதை நம்பி எதையும் அழிக்காதீர்கள், திரும்ப இறக்காதீர்கள். விதியை ஒதுக்கிவிட்டு வெறும் ஃபைல் பெயராகத் தேட ஆல்ட்டும் முன்சாய்வுக்கோடும் சேர்த்து அழுத்துங்கள். ஆல்ட் ஒத்துழைக்காத டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) முதலில் எஸ்கேப், பிறகு சாய்வுக்கோடு. பாஷில் வெகுகாலமாக இருக்கும் வசதி இது. ஏனோ யாரும் தொடுவதில்லை.

வேறொரு கணினியோடு ஃபைல்களை நகலெடுக்கும் எஸ்சிபி-யில் டேப் தட்டியதும் திரை உறைந்துவிட்டது என்பதும் வாராவாரம் வரும் புகார். உறையவில்லை. அடுத்த முனையில் என்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று கேட்க எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போயிருக்கிறது. பொறுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். டேப்பை மேலும் மேலும் குத்துவதால் அது சீக்கிரம் திரும்பி வராது.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தைத்தான் தின்னும். தரவையே தின்பது வேறொன்று: டைரக்டரி பெயரை நிரப்பும்போது டேப் தானாகக் கடைசியில் போடும் சாய்வுக்கோடு. பெரும்பாலான கட்டளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. டைரக்டரிகளை ஒத்திசைத்து நகலெடுக்கும் ஆர்சிங்க் கண்டுகொள்ளும். மூல டைரக்டரியின் பெயர் சாய்வுக்கோட்டோடு முடிந்தால் உள்ளே இருப்பவற்றை மட்டும் நகலெடுக்கும். கோடு இல்லையென்றால் டைரக்டரியையே நகலெடுக்கும். கூடவே, மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அழிக்கும் டெலீட் விருப்பத்தையும் கொடுத்திருந்தால்? 'படங்கள்' டைரக்டரியைப் பொதுவான பேக்கப் டைரக்டரிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு இல்லாமல் எழுதினால், அழிப்பு பேக்கப்புக்குள் இருக்கும் 'படங்கள்' வரைதான். கோடு இருந்தால், 'படங்கள்' உள்ளே இல்லாத எல்லாமே பேக்கப்பிலிருந்து போய்விடும். மற்ற வருடக் கணக்குகள், கடிதங்கள், எல்லாம்.

இதில் இன்னொரு சிக்கல். பாஷைப் போன்ற இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல் அதே கோட்டைப் போட்டாலும், அடுத்து இடைவெளி தட்டியதும் இயல்பாக அதை எடுத்துவிடும். மேக்கில் 2019-இன் கேட்டலினா முதல் புதிய கணக்குகளுக்கு அதுதான் இயல்பு ஷெல். சர்வரிலோ பெரும்பாலும் பாஷ். லேப்டாப்பில் பழகிய விரல்கள் அதே வேகத்தில் சர்வரில் தட்டும்போது கட்டளையின் பொருளே மாறிவிடலாம்.

தயவுசெய்து, டெலீட் உள்ள ஆர்சிங்க் எதையும் முதலில் ட்ரை-ரன்னாக, அதாவது எதையும் மாற்றாத ஒத்திகையாக ஓட்டுங்கள். சின்ன 'என்' விருப்பம் போதும், கூடவே விவரம் காட்டும் 'வி'. அழியப்போகும் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலை முழுதாகப் படித்த பிறகு 'என்'னை எடுங்கள்.