மரவள்ளி ஸ்டார்ச் பிலிமில் கால் கிராம் களிமண் செய்யும் வேலை

சேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியோடு மரவள்ளி ஸ்டார்ச்சும் மூட்டை மூட்டையாகத் தயாராகிறது. அதைத் தண்ணீரில் காய்ச்சி மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால், உணவுப் பொட்டலத்துக்கு உதவக்கூடிய நிறமற்ற, தெளிவான பிலிம் கிடைக்கும். காய்ந்திருக்கும்வரை அது எண்ணெயைக் கசியவிடாது. ஆக்சிஜனையும் பாலித்தீனைவிட நன்றாகத் தடுக்கும். சிக்கல் ஈரத்தில்தான். ஸ்டார்ச் சங்கிலி நெடுக இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றிலுள்ள நீராவியை இழுத்துக்கொள்கின்றன. ஈரம் ஏற ஏறச் சங்கிலிகள் தளர்ந்து, இருந்த ஆக்சிஜன் தடுப்பும் போய்விடும்.

இங்கேதான் பெண்டோனைட் களிமண்ணின் முக்கியக் கனிமமான மான்ட்மோரில்லோனைட் உதவுகிறது. சுமார் 1 நானோமீட்டர் தடிமனும் அதைப்போல் நூறு மடங்கோ அதற்கு மேலோ அகலமும் உள்ள தகடுகளின் அடுக்கு அது. தகடுகள் பிரிந்து, ஓடு வேய்ந்ததுபோல் பிலிமுக்குள் படுத்துக்கொண்டால், நீராவி நேராகப் போக முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்து போகவேண்டும். இப்படி வளைந்து போவதைக் கணக்கிட 1967-இல் நீல்சன் என்ற ஆய்வாளர் தந்த எளிய சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: கன அளவில் 2% களிமண், அகலம் தடிமனைப்போல் 100 மடங்கு என்றால் ஊடுருவல் ஏறக்குறையப் பாதியாகும். அதே களிமண் பத்துப் பத்துத் தகடுகளாக ஒட்டிக்கொண்டே இருந்தால் 11% மட்டுமே குறையும். ஆகவே எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்படிப் பிரிக்கிறோம் என்பதே முக்கியம்.

ஆய்வக அளவில் செய்முறை இது. சோடியம் வகை மான்ட்மோரில்லோனைட் 0.25 கிராமை 20 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் கலக்கவிட்டு, பிறகு மீயொலிக் குளியலில் (ஒலி அதிர்வால் துகள்களைப் பிரிக்கும் தொட்டி) அரை மணி நேரம் வைக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள கால்சியம் தகடுகளை மறுபடி ஒட்டவைத்துவிடும். 80 மி.லி. நீரில் 5 கிராம் ஸ்டார்ச்சைக் கரைத்து, களிமண் கரைசலை அதில் ஊற்றி, கிளறிக்கொண்டே 80–85 டிகிரிக்குச் சூடேற்றி 20 நிமிடம் வைத்தால் பால் நிறம் மாறிக் கூழ் தெளியும். பிலிமை நெகிழவைக்கும் 1.5 கிராம் கிளிசராலை அதன் பிறகே சேர்க்கவேண்டும். முன்பே ஊற்றினால் ஸ்டார்ச்சை முந்திக்கொண்டு கிளிசரால் தகடுகளின் இடுக்கில் புகுந்துவிடும்.

ஆவியான நீரை ஈடுகட்டி, காற்றுக் குமிழியை வெற்றிடத்தில் நீக்கி, 9 செ.மீ. பெட்ரி தட்டுக்கு 13 மி.லி. வீதம் ஊற்றினால் சுமார் 0.1 மி.மீ. பிலிம் வரும். காயவைக்க 40 டிகிரி போதும். அவசரப்பட்டு 60-க்கு மேல் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு, நடுவில் விரிசல் விடும். குமிழி ஒன்று தங்கினாலும் அது ஊசித்துளைதான். களிமண்ணின் உழைப்பெல்லாம் வீண்.

கிளிசரால் குறைந்தால் பிலிம் அப்பளமாய் நொறுங்கும். மிஞ்சினால் பிசுபிசுக்கும், ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். சரியாகவே போட்டாலும் வாரங்கள் செல்லச் செல்ல ஸ்டார்ச் சங்கிலிகள் மீண்டும் படிகமாகி விறைக்கும். மரவள்ளியில் அமைலோஸ் (ஸ்டார்ச்சின் நேர்ச்சங்கிலிப் பகுதி) குறைவு என்பதால் சோள ஸ்டார்ச்சைவிட இது மெதுவாக நடக்கும், நடக்காமல் போகாது.

தகடுகள் பிரிந்தனவா என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (diffraction) பார்க்கலாம்; அடுக்கு இடைவெளி அதன் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். உலர்ந்த களிமண்ணில் சுமார் 1.2 நானோமீட்டராக இருக்கும் அடுக்கு இடைவெளி 1.8 ஆகியிருந்தால் இடுக்கில் ஏதோ புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். முழுதாகப் பிரிந்தால் அந்த முகடே மறைந்துவிடும். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

நீராவி ஊடுருவலை மேலும் குறைக்கத் தேன்மெழுகு சேர்ப்பதுண்டு. அது 62–64 டிகிரியில் உருகும். எனவே அதற்கு மேலான சூட்டிலேயே, ட்வீன் 80 போன்ற பால்மமாக்கியோடு (மெழுகையும் நீரையும் சேர்த்து வைக்கும் பொருள்) வேகமாகக் கலக்கவேண்டும். ஆறவிட்டுக் கலக்கினால் திரிதிரியாக நிற்கும். பிலிம் மங்கலாகும், இழுவலிமையும் குறையும். கலப்பதைவிட, மேலே தனிப் பூச்சாகப் பூசுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இவ்வளவு செய்தும் சென்னையின் ஈரக் காற்றில் தயிரையோ மாவையோ இதில் கட்டிவைக்க முடியாது. முறுக்கு, மிக்சர் கட்டும் காகிதத்தின் உட்பக்கத்தில் எண்ணெய் தடுக்கும் பூச்சாக இதைப் பயன்படுத்துவதே பொருத்தம்: வலிமையைக் காகிதம் பார்த்துக்கொள்ளும், பிலிம் தனியே நிற்கவேண்டியதில்லை. ஆனால் காகிதத்தின் மடிப்புக் கோட்டில்தான் பூச்சு முதலில் உடையும். சோதனையையும் மடித்துப் பார்த்தே செய்யவேண்டும்.