பெயரைச் சோதித்துவிட்டுக் கோப்பைத் திறக்காதீர்கள்

சர்வர் மென்பொருள்களின் நிரலைப் பாதுகாப்பு நோக்கில் படித்துப் பார்ப்பது என் வேலை. அடிக்கடி கண்ணில் படும் ஓர் அமைப்பு உண்டு: இயங்குதளத்துக்கு முதலில் ஆக்சஸ் அழைப்பு, அது சரி என்றதும் ஓப்பன் அழைப்பு. எழுதியவர் கவனமானவர்தான், அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே திறக்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரூட் (கணினியின் முழு அதிகாரம் கொண்ட கணக்கு) அதிகாரத்தோடு ஓடும் ஒரு செட்யுஐடி நிரலை, அதாவது யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் நிரலை, எடுத்துக்கொள்வோம். பயனர் கொடுத்த பாதையை ஆக்சஸ் சோதிக்கிறது. அது அவருடைய சொந்தக் கோப்பு, அனுமதி உண்டு. அடுத்த வரியில் ஓப்பன் வருவதற்குள், அதே பெயரில் கடவுச்சொல் கோப்பைக் காட்டும் ஒரு சிம்லிங்க்கை (வேறொரு கோப்பையோ டைரக்டரியையோ சுட்டும் இணைப்பை) அவர் வைத்துவிடலாம். சோதித்தது ஒரு கோப்பு, திறந்தது வேறு கோப்பு. இடைவெளி மிகச் சிறியதுதான், ஆனால் தாக்குபவர் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். லினக்ஸ் கையேட்டின் ஆக்சஸ் பக்கமே இந்த ஓட்டையைப் பற்றி எச்சரிக்கிறது. இருந்தும் இந்த வழக்கம் போகவில்லை. நிரலாளர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தவறான வழியைச் சுலபமாகவும் சரியான வழியைச் சிரமமாகவும் வைத்திருக்கும் இடைமுகத்துக்கும் இதில் பங்குண்டு.

பாதை என்பது பெயர் மட்டுமே. ஒவ்வொரு அழைப்பிலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதைப் புதிதாகத் தேடுகிறது. திறந்தபின் கிடைக்கும் கோப்பு எண்தான் மாறாமல் ஒரே கோப்பைக் குறிக்கும். அதனால் முதலில் திறந்துவிட்டு, சோதனைகளை அந்த எண்ணின் மேல் எஃப்ஸ்டாட் (திறந்த கோப்பின் விவரங்களைத் தரும் அழைப்பு) மூலம் செய்வதே முறை. செட்யுஐடி நிரல் என்றால், திறப்பதற்கு முன்பே பயனரின் அதிகாரத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

'இந்த டைரக்டரிக்கு வெளியே போகாதே' என்று சொல்வது இதைவிடக் கடினமாக இருந்தது. ஓப்பனுக்குக் கொடுக்கும் நோஃபாலோ கொடி (சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்னும் குறிப்பு) பாதையின் கடைசிப் பகுதியை மட்டுமே காக்கும். நடுவில் இருக்கும் சிம்லிங்க் தாராளமாக வெளியே கூட்டிப் போகும். 2020இல் லினக்ஸ் 5.6 கொண்டுவந்த ஓப்பன்ஏட்2 என்ற புதிய திறப்பு அழைப்பு இதைத் தீர்த்தது. ரிசால்வ் பினீத் கொடியைக் கொடுத்தால், டைரக்டரியைத் தாண்டும் பாதையைக் கர்னலே மறுத்துவிடும். அலெக்ஸா சராய் எழுதிய இந்த அழைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். பழைய ஓப்பன், தனக்குத் தெரியாத கொடியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுக் கோப்பைத் திறந்துவிடும். பாதுகாப்புக் கேட்டோம், கிடைத்தது என்று நிரல் நம்பிக்கொண்டிருக்கும். ஓப்பன்ஏட்2 தெரியாத கொடிக்குப் பிழையைத் திருப்பித் தருகிறது. கர்னல் இடைமுகம் வடிவமைக்கும் எவருக்கும் நான் முதலில் காட்டும் பாடம் இதுதான்.

மிக்காயேல் சலாவ்ன் உருவாக்கி 2021இல் லினக்ஸ் 5.13இல் சேர்ந்த லேண்ட்லாக் என்னும் பாதுகாப்பு வசதி, ரூட் அதிகாரம் இல்லாமலே ஒரு நிரல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள உதவுகிறது. ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு குறை இருந்தது. எழுதத் தடை போட்டாலும் ட்ரங்கேட் அழைப்பால் கோப்பைக் காலியாக்க முடிந்தது. லினக்ஸ் 6.2இல்தான் (லேண்ட்லாக் இடைமுகப் பதிப்பு மூன்று) அதற்குத் தனி உரிமை வந்தது. ஆகவே லேண்ட்லாக் பயன்படுத்துபவர்கள் முதலில் அதன் இடைமுகப் பதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் ட்ரங்கேட்டுக்குத் தடை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓப்பன்ஏட்2 இல்லாத கர்னலில் சாதாரண ஓப்பனுக்குத் தாவும் நிரல்களையும் பார்க்கிறேன். பாதுகாப்பு தேவைப்பட்ட இடத்திலேயே அது கழன்றுவிடுகிறது. அப்படித் தாவாமல், இரட்டைப் புள்ளி (மேல் டைரக்டரியைக் குறிக்கும் ..) உள்ள பாதையை மறுத்துவிட்டு, ஒவ்வொரு டைரக்டரியாக ஓப்பன்ஏட் (திறந்திருக்கும் டைரக்டரியிலிருந்து தொடங்கித் திறக்கும் அழைப்பு), நோஃபாலோ சேர்த்துத் திறந்துகொண்டு போங்கள். அதுவும் முடியாவிட்டால் பிழை காட்டி நிறுத்துங்கள்.